பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதி

மைசூருக்கு ஓய்வூதியக்காரர்களின் ஊர் என்று நெடுநாளாக ஒரு பெயர். அகலமான சாலைகள், குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடை, தசரா முடிந்ததும் அடங்கிவிடும் கூட்டம். 2021 ஆகஸ்ட் 24ஆம் தேதி மாலை, சாமுண்டி மலையடிவாரத்தில் லலிதாத்ரிபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு கல்லூரி மாணவியை ஒரு கும்பல் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கியது. உடன் இருந்த நண்பரை அடித்துப் போட்டது. ஊர் அதிர்ந்தது, அந்த அதிர்ச்சி கோபமாகி நாலா பக்கமும் பாய்ந்தது. மாநில உள்துறை அமைச்சர், அந்த இருவரும் ஆளரவமற்ற இடத்துக்குப் போயிருக்கவே கூடாது என்றார். மைசூர்ப் பல்கலைக்கழகம், மாலை 6.30க்குப் பிறகு மாணவிகள் மானசகங்கோத்ரி வளாகத்தில் தனியாக நடமாடக் கூடாது, ஏரிக்கரையில் உட்காரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. முன்னாள் முதல்வர் எச்.டி. குமாரசாமி, ஹைதராபாத் போலீஸ் செய்ததைக் கர்நாடக போலீஸும் செய்ய வேண்டும் என்றார்.

நான்கு நாளில் ஐந்து பேர் பிடிபட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியும் திருப்பூரும் செய்தியில் அடிபட்டன. தாளவாடி நிர்வாகத்தில் தமிழ்நாடு. பேச்சில் பெரும்பாலும் கன்னடம். அங்கிருந்து ஈரோட்டுக்கு வர வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். சாம்ராஜ்நகருக்கோ மைசூருக்கோ போக அந்தச் சிரமம் இல்லை. அதனால் அங்கு விளையும் காய்கறி, வாழை, கூலிக்குப் போகும் ஆட்கள் எல்லாமே மைசூர்ப் பக்கம்தான் திரும்பும். பிடிபட்டவர்களும் பண்டிபாளையா சந்தைக்குச் சரக்கு வண்டியில் வந்துபோனவர்கள், கைவேலையும் ஓட்டுநர் வேலையும் பார்ப்பவர்கள் என்றது காவல்துறை. கூடவே ஒரு வாக்கியத்தையும் சேர்த்தது. அவர்களில் ஒருவனுக்கு வயது 17 என்று சொல்லப்படுகிறது, சரிபார்க்க வேண்டும்.

அந்த வாக்கியத்தைப் படித்தபோது பலருக்கு ஆத்திரம் இன்னும் ஏறியிருக்கும். குற்றம் செய்யும்போது பெரியவன், தண்டனை என்று வந்தால் சின்னவனா என்ற கேள்வி டீக்கடை முதல் நாடாளுமன்றம் வரை கேட்கப்படுவது. கேட்பவர்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த மாணவியின் பக்கம் நின்று பார்த்தால், தாக்கியவனின் பிறந்த தேதியால் அவருடைய வலியில் எள்ளளவும் குறைவதில்லை.

ஆனால் குமாரசாமி முன்மாதிரியாகக் காட்டிய ஹைதராபாத்தில் நடந்தது என்ன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019 நவம்பர் 27 இரவு, ஷம்ஷாபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். நால்வர் கைதாயினர். டிசம்பர் 6 விடியற்காலையில் நால்வரையும் சட்டன்பள்ளிக்குக் கூட்டிப்போன போலீஸ் அங்கேயே சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்காரர்கள் மீது பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தது. சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் டி.ஆர். கார்த்திகேயன் அதில் ஓர் உறுப்பினர். 2022 மே மாதம் வெளியான அதன் அறிக்கை, சாகடிக்கும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்று சொன்னது. இன்னொன்றையும் சொன்னது. கொல்லப்பட்ட நால்வரில் மூவர், சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள். பள்ளிப் பதிவேட்டில் அது எழுதியிருந்தது. புரட்டிப் பார்க்க ஒரு வாரத்தில் யாருக்கும் நேரமில்லை.

இந்தியாவில் ஒரு பையன் சிறுவனா பெரியவனா என்பதைத் தீர்மானிக்க 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவில் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அந்தப் பரிசோதனை இரண்டு வருடம் முன்பின்னாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒருவனுடைய தலையெழுத்து, பல வழக்குகளில், எங்கோ ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு ஜூன் மாதக் காலையில் தகப்பன் சொன்னதைக் கேட்டு மையில் எழுதிய ஒரு தேதியில் இருக்கிறது.

அந்தத் தேதியைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணமும் உண்டு. 1994இல் புனேயில் ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்ட பெண்களில் ஒருவர் கர்ப்பிணி. தண்டிக்கப்பட்டவர்களில் ராஜஸ்தான்காரர் ஒருவருக்கு 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2000இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2023 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், அவருடைய சொந்த ஊர்ப் பள்ளியின் பதிவேட்டை ஏற்றுக்கொண்டு, கொலை நடந்தபோது அவருக்கு 12 வயது ஆறு மாதம்தான் என்று சொல்லி விடுதலை செய்தது. அதற்குள் 28 ஆண்டுகள் சிறையில் போயிருந்தன. ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைத் தூக்கில் போட மூன்று நீதிமன்றங்கள் சம்மதித்திருந்தன. எல்லா ஆவணமும் ஊரிலேயே பத்திரமாக இருந்தது.

ஆராயாமல் ஒருவனை வெட்டச் சொன்ன பாண்டியனின் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்து வளரும் சமூகம் இது.

இன்றைய சட்டம் டெல்லியின் ஒரு டிசம்பர் இரவிலிருந்து வந்தது. 2012 டிசம்பர் 16 அன்று ஓடும் பஸ்ஸில் நடந்த அந்தக் கொடுமையில் ஈடுபட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு 18 நிரம்பச் சில மாதங்கள் பாக்கி. 2013 ஆகஸ்ட் 31 அன்று டெல்லியின் சிறார் வாரியம் அவனுக்கு மூன்றாண்டு சிறப்பு இல்லத் தண்டனை கொடுத்தது. அன்றைய சட்டத்தில் அதுதான் உச்சம். 2015 டிசம்பர் 20 அன்று அவன் வெளியே வந்தான். இரண்டே நாளில், டிசம்பர் 22 அன்று, மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. இறந்துபோன பெண்ணின் பெற்றோர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த உறுப்பினரால் எதிர்த்து வாக்களித்திருக்க முடியும்? இருந்தாலும் நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியிலேயே வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் குறைக்க மறுத்திருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2015 பிப்ரவரியில் 18 என்பதே இருக்கட்டும் என்றது. துக்கத்தின் முன்னால் இந்த மூன்றும் எடுபடவில்லை.

புதிய சட்டம் என்ன செய்தது? 16 முடிந்து 18 நிரம்பாத ஒருவன் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு என்றிருக்கும் குற்றம் என்றால், வாரியம் ஒரு முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். அதைச் செய்யும் உடல், மனத் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் செய்தான் என்று பார்க்க வேண்டும். ஆம் என்று பட்டால், பெரியவனைப்போல் விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். மரண தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கூடாது.

இந்த 15ஆம் பிரிவைத்தான் விடாமல் கேள்வி கேட்க வேண்டும். குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை, சாட்சி விசாரிக்கப்படவில்லை. அதற்கு முன்பே, எந்தச் சூழலில் செய்தாய் என்று ஒரு பையனிடம் கேட்பதென்றால், செய்தாய் என்பதை முடிவுகட்டிவிட்டுத்தானே கேட்க முடியும்? இது விசாரணை ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. அந்த விளக்கம் தாளில் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது விசாரணைதான். இன்னொரு சிக்கலும் உண்டு. மதிப்பீடு நடப்பது சம்பவத்துக்கு வாரங்கள், மாதங்கள் கழித்து. அன்றைக்கு, அந்த இடத்தில், நண்பர்கள் நால்வர் சூழ நின்றபோது அவன் மனம் எப்படி இருந்தது என்பதை இன்றைக்கு ஒரு அறையில் கேள்வித்தாளை வைத்து எந்த உளவியலாளர் அளப்பார்? கத்தியால் குத்தினால் ரத்தம் வரும் என்று பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். தெரிந்திருப்பதும், அந்தக் கணத்தில் கையை இழுத்துக்கொள்ள முடிவதும் வேறு வேறு. பதினாறு, பதினேழு வயதில் இந்த இரண்டுக்கும் நடுவேதான் இடைவெளி அதிகம் என்பதை, பிள்ளை வளர்த்தவர்கள் எந்த ஆய்வையும் படிக்காமலே அறிவார்கள்.

குருகிராம் பள்ளி வழக்கு இதற்கு நல்ல பாடம். 2017 செப்டம்பரில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று பள்ளிக் கழிவறையில் கொலையானது. அன்றைக்கே போலீஸ் பள்ளிப் பஸ்ஸின் கண்டக்டரைக் கைதுசெய்தது, ஒப்புக்கொண்டுவிட்டார் என்றது. ஊர் அவரைத் தூக்கில் போடத் தயாராக இருந்தது. பிறகு விசாரித்த சி.பி.ஐ., கண்டக்டருக்குத் தொடர்பில்லை என்று சொல்லி, அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2022 ஜூலையில் நீதிமன்றம், இந்த மதிப்பீடு மிக நுட்பமான வேலை, வாரியத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர்களின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றது. சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறரை ஆண்டுகள் கழித்துத்தான் இது சொல்லப்பட்டது. அதுவரை மதிப்பிடப்பட்ட பையன்களை யார் எப்படி மதிப்பிட்டார்களோ.

கர்நாடகத்திலிருந்தே ஒரு வழக்கு உண்டு. முதல்நிலை மதிப்பீட்டை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். முடிக்காவிட்டால்? 2024 மே 7 அன்று, கர்நாடகச் சிறுவன் ஒருவனின் தாய் மூலம் வந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தக் கெடு கட்டாயமானதல்ல, வழிகாட்டுவது மட்டுமே என்று தீர்ப்பளித்தது. நிபுணர்கள் கிடைக்கத் தாமதமாகலாம் என்ற நடைமுறைக் காரணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. காரணம் நியாயமானதுதான். ஆனால் பதினேழு வயதில் ஒரு வருடத் தாமதம் என்பது நாற்பது வயதில் ஒரு வருடத் தாமதத்தைப் போன்றது அன்று. அந்த ஒரு வருடத்தில் குரல் மாறுகிறது, நட்பு மாறுகிறது, பத்தாம் வகுப்பு கைநழுவுகிறது.

கொடுங்குற்றம் என்ற சொல் யாரையெல்லாம் வளைத்துப் பிடிக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. 2019இல், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் திருத்தப்பட்டு, உடலுறவுக் குற்றத்துக்கான குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டாக உயர்ந்தது. 18 வயதுக்குக் கீழ் சம்மதம் செல்லாது. ஆகவே பதினேழு வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் காதலித்து ஊரைவிட்டுப் போனால், பெண்ணின் அப்பா புகார் கொடுத்ததும், அந்தப் பையன் சாமுண்டி மலையடிவாரத்துக் குற்றத்தின் அதே பெட்டிக்குள் வந்துவிடுகிறான். அவனையும் பெரியவனாக விசாரிக்க வழி இருக்கிறது. சாதி மாறிய காதல் என்றால் புகார் இன்னும் வேகமாக வரும். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்துசெய்தபோது, வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று வருந்தியது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு 2022 நவம்பரில் இதைச் சட்ட ஆணையத்தின் கவனத்துக்கே கொண்டுபோனது. 2023இல் ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம் என்று பதில் எழுதியது. பெட்டி அப்படியே இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சிறார்மீது பதிவான வழக்குகள் 30,555. அதே ஆண்டு பதிவான மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கு மேல். நூற்றில் ஒன்றுகூட இல்லை. சிறார் குற்றம் நாட்டை மூழ்கடிக்கும் வெள்ளம் என்ற பேச்சுக்கு இந்த எண்ணிக்கையில் இடமில்லை. அமெரிக்கா இந்தப் பயத்தை 1990களில் அனுபவித்துப் பார்த்தது. ஈவிரக்கமற்ற பையன்களின் பட்டாளம் ஒன்று வரப்போகிறது என்று பேராசிரியர்களே எழுதினார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டத்தை மாற்றிச் சிறுவர்களைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பட்டாளம் வரவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்கள் மீண்டும் குற்றம் செய்வது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்று 2007இல் அரசு நியமித்த நிபுணர் குழு ஒன்று முடிவுக்கு வந்தது. அங்கே கைவிடத் தொடங்கிய பாதையில் நாம் 2016 ஜனவரியில் கால் வைத்தோம்.

புனேயில் 2024 மே 19 அதிகாலை நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தார்கள். அன்றைக்கே ஜாமீன், சாலை விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று நிபந்தனை. நாடே கொதித்தது. பிறகு, ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களும் பையனின் பெற்றோரும் கைதானார்கள். தமிழ் மனத்தில் இந்தக் கோபத்துக்கு மிகப் பழைய உருவம் ஒன்று உண்டு. திருவாரூரில் தேரேற்றிக் கன்றைக் கொன்ற இளவரசனை அதே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாகவும் நிற்கிறான். பெரிய இடத்துப் பிள்ளை என்பதற்காக விட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்தக் கதையை ஊர் விடாமல் சொல்லிவருவதன் காரணம். புனேக்காரர்கள் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்தக் கதையில் கன்றும் எழுந்துவிட்டது, இளவரசனும் எழுந்துவிட்டான், அவனைக் கொல்ல மனமின்றி உயிர்விட்ட அமைச்சரும் எழுந்துவிட்டார். நீதிமன்றங்களுக்கு அந்த வசதி கிடையாது.

புனே வழக்கில் கோபப்பட வேண்டியது எதன்மீது? ஜாமீன் கொடுத்ததன்மீது அன்று. சட்டத்தின் 12ஆம் பிரிவு, எந்தக் குற்றமானாலும் சிறுவனுக்கு ஜாமீன்தான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. அந்தப் பிரிவு எல்லாப் பையன்களுக்கும் பொது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 2022 டிசம்பர் கடைசியில், தாம்பரம் பக்கத்துப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்டான். தகப்பன் இல்லாத வீடு. அவனைச் செங்கல்பட்டு இல்லத்துக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 31 அன்று செத்துப்போனான். உடம்பெல்லாம் காயம். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஆறு பேர் கைதானார்கள். இரண்டு உயிர் போன வழக்கில் ஒரு பையனுக்குச் சில மணி நேரத்தில் வேலைசெய்த 12ஆம் பிரிவு, பேட்டரி திருட்டில் இன்னொரு பையனுக்கு வேலைசெய்யவில்லை. அவனுக்காக யாரும் வக்காலத்தோடு வந்து நிற்கவில்லை என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

செங்கல்பட்டின் பெயர் இங்கு வருவது கூடுதல் வேதனை. சிறுவர்களைச் சிறையிலிருந்து பிரித்து வைக்கத் தென்னிந்தியாவில் தொடங்கிய பழைய முயற்சிகளில் ஒன்று அந்த ஊரின் சீர்திருத்தப் பள்ளி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கியது. இந்தியாவில் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்ட முதல் மாகாணமும் சென்னைதான், 1920இல். மைசூர் மாநிலம் 1963இலும் 1964இலும் போர்ஸ்டல் பள்ளிச் சட்டம், குழந்தைகள் சட்டம் என்று அடுத்தடுத்து இயற்றியது. நூறு வருடச் சட்ட அனுபவம் நம்மிடம் இருக்கிறது. அந்த அனுபவம் பேட்டரி திருடிய பையனை இரண்டு நாள் உயிரோடு வைத்திருக்கப் போதவில்லை. தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு இல்லங்களின் நிலையை ஆராயச் சொன்னது. 2023இல் அவர் அறிக்கை கொடுத்தார். பெயரைக் கூர்நோக்கு இல்லம் என்று அழகாக மாற்றினாலும், உள்ளே இருப்பது பூட்டும் பிரம்பும் என்றால், எதுவும் மாறவில்லை என்றுதான் பொருள். இல்லங்கள் இப்படி இருக்கையில், பையன்களைப் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பினால் மட்டும் திருந்திவிடுவார்கள் என்பதை எப்படி நம்புவது?

சந்துருவின் பெயர் அதே 2023இல் இன்னொரு காரணத்துக்காகவும் வந்தது. ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். தொந்தரவு தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார், பள்ளி ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறது, அவர் சொல்லியிருக்கிறார், சொன்னதற்குத்தான் வெட்டு. இந்த வழக்கைச் சிறார் நீதிச் சட்டத்தின் ஆதரவாளர்கள் தவிர்த்துவிடக் கூடாது. வறுமையும் பசியும் துரத்திய பையன்களின் கதையாக இதைச் சொல்ல முடியாது. திட்டம் இருந்தது, வன்மம் இருந்தது, அரிவாள் இருந்தது. ஆனால் அந்த வன்மத்தைப் பதினேழு வயதில் அவர்களாகவா கண்டுபிடித்தார்கள்? சாதி அடையாளமாகக் கையில் கட்டிய கலர்க் கயிறு யார் வாங்கிக் கொடுத்தது? பள்ளிகளில் சாதியைப் பற்றி ஆராய்ந்த சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. பையன்களைப் பெரியவர்களாக விசாரித்தால், அவர்களை அப்படி ஆக்கிய பெரியவர்கள் வழக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். அந்தப் பையன்கள் செய்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும். எதைச் செய்தோம் என்று ஒவ்வொரு நாளும் முகம்கொடுத்துப் பேச வேண்டும். சாதிக் கட்டுமானம் ஊரைவிடத் தெளிவாகத் தெரியும் சிறைக்குள் அதற்கு வாய்ப்பே இல்லை.

ஹைதராபாத், செங்கல்பட்டு, நாங்குநேரி மூன்றிலும் பள்ளிக்கூடம் ஏதோ ஒரு விதத்தில் வருகிறது. சட்டம் பள்ளிக்குக் கடிதம் எழுதுவது பிறந்த தேதியைக் கேட்க. அதே பதிவேட்டில் பக்கத்துக் கட்டத்தில், அந்தப் பையன் எந்த மாதம் நின்றான் என்பதும் இருக்கும். ஏன் நின்றான் என்று யாராவது அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டார்களா என்பதற்குக் கட்டமே கிடையாது.

இதைக் கேட்கும் வேலையைச் சட்டம் ஒருவருக்குக் கொடுத்துத்தான் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர். பையனை முதல்முறை வாரியத்தின் முன் கொண்டுவந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அவர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். 2016 மாதிரி விதிகளில் ஆறாம் படிவம். வீட்டில் யார் யார், என்ன வருமானம், யார் குடிப்பவர், பள்ளியை விட்டதற்குக் காரணம், எந்த வயதில் வேலைக்குப் போனான், கூலி யார் கைக்குப் போனது, வேலைசெய்த இடத்தில் அடித்தார்களா, நண்பர்கள் யார், யாராவது அவனிடம் தவறாக நடந்தார்களா என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கேட்கும் படிவம் அது. நேர்மையாக நிரப்பினால் ஒரு நாவலுக்கு விஷயம் இருக்கும். ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒன்றிரண்டு அலுவலர்கள், அதுவும் தற்காலிக ஒப்பந்தத்தில், என்று இருக்கும்போது அது எப்படி நிரம்பும்? தாயைப் போனில் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசி, ஏழைக் குடும்பம், கெட்ட சகவாசம் என்று இரண்டு வரி. மாநில எல்லை தாண்டி வேலைக்கு வந்த பையன் என்றால் அந்த இரண்டு வரியும் இன்னொரு மாவட்டத்திலிருந்து, இன்னொரு மொழியில் வர வேண்டும்.

வாரியத்தின் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதில்கூட விதிகள் அக்கறையாக இருக்கின்றன. உயர்ந்த மேடை கூடாது, கூண்டு கூடாது, போலீஸ்காரர் சீருடையில் வரக் கூடாது, கைவிலங்கு கூடாது. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும் என்று யோசித்த மனம் உயர்ந்த மனம். அதே மனம் ஒரு நாற்காலியை மட்டும் மறந்துவிட்டது. பாதிக்கப்பட்டவருக்கு அங்கே இடமில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது, அவன் ஒப்புக்கொண்டானா, எங்கே இருக்கிறான், எப்போது வெளியே வருவான் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. சிறுவனின் அடையாளத்தைக் காக்கும் 74ஆம் பிரிவு தேவையானது. அதை மதித்துக்கொண்டே இந்தத் தகவல்களை அவருக்குத் தர முடியும். தராததால்தான் டெல்லியின் பெற்றோர் நாடாளுமன்ற மாடம் வரை போக வேண்டியிருந்தது. சிறார் நீதியின்மீது மக்களுக்கு உள்ள வெறுப்பில் பாதி, சட்டம் அவர்களோடு பேசாததால் வந்தது.

நியூசிலாந்து 1989இலிருந்து வேறு விதமாகச் செய்கிறது. மாவோரி மக்களின் கூடிப் பேசும் வழக்கத்தை ஒட்டி, பையனின் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்து, என்ன நடந்தது, அதற்கு இவன் என்ன ஈடு செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். வரலாமா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவரின் விருப்பம். வல்லுறவு வழக்கில் அதை யாரும் யார்மீதும் திணிக்க முடியாது, திணிக்கவும் கூடாது. ஆனால் வழக்கின் போக்கைத் தெரிந்துகொள்ளவும், சிகிச்சையும் இழப்பீடும் பெறவும், விடுதலைக்கு முன்பு தன் அச்சத்தைச் சொல்லவும் உரிமை வேண்டும் என்பதில் என்ன விவாதம் இருக்கிறது?

பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இதே சிறுவர்களோடு பல ஆண்டுகளாக வேலைசெய்து, மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும், ஆலோசனை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியும் பயிற்றுவித்தும் வருகிறது. மைசூரிலிருந்து அது மூன்று மணி நேரப் பயணம். அறிவுக்குப் பஞ்சமில்லை, பணியிடங்களுக்குத்தான் பஞ்சம். அடுத்த முறை இந்தச் சட்டத்தைத் திருத்தும்போது, 16 வயதை 14 ஆக்கலாமா என்று தொடங்காமல் வேறு இடத்தில் தொடங்கலாம். 15ஆம் பிரிவை எடுத்துவிட்டு, கொடுங்குற்றம் செய்தவர்களைத் தனிப் பாதுகாப்பிடத்தில் 21 வயதைத் தாண்டியும் தேவைப்படும் காலம்வரை வைத்திருந்து வேலைசெய்ய வாரியத்துக்கே அதிகாரம் கொடுக்கலாம். மூன்றாண்டு போதாது என்ற மக்களின் கவலைக்கு அதில் பதில் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் பதவியை நிரந்தரப் பதவியாக்கி, ஒருவர் கையில் இத்தனை பையன்களுக்கு மேல் கூடாது என்று விதியில் எழுதலாம். இல்லங்களின் சாவி சமூகநலத் துறையிடம் இருக்கட்டும். முன்னறிவிப்பில்லாமல் உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் மாவட்ட நீதிபதியிடமும், பையன்களின் தாய்மார்களிடமும் இருக்கட்டும்.